சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு ஒரு ரயில்

அந்தக் கோடைக்கு முன் நான் நான்கு தடவை பாரிஸுக்குப் போயிருந்தேன். அங்கே இருக்கும் இரும்புக் கோபுரத்தை ஒரு தடவைகூட அருகில் நின்று பார்த்ததில்லை. முதல் தடவை என் கணவரின் தம்பிக்குக் கலியாணம். இரண்டாவது தடவை ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. மூன்றாவது செத்தவீடு. நான்காவது எதற்காகப் போனோம் என்பதே மறந்துவிட்டது. ஒரு சமையலறைத் தரையில் உட்கார்ந்து பெரிய பாத்திரம் நிறையக் கத்தரிக்காய் வெட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

ஒஸ்லோவில் காரில் ஏறினால் நாங்கள் இறங்கும் இடம் எப்போதும் ஒரு சொந்தக்காரரின் வீட்டு வாசல்தான். நடுவில் சுவீடன், டென்மார்க், ஜெர்மனி எல்லாம் பெற்றோல் நிலையங்களாகவும் கழிவறைகளாகவும் கடந்துபோகும். போய்ச் சேர்ந்ததும் பெண்கள் சமையலறைக்கும் ஆண்கள் வரவேற்பறைக்கும் பிரிந்துவிடுவோம். மூன்றாம் நாள் திரும்பிவிடுவோம். இதில் எனக்குக் குறை இருந்ததென்று சொல்லமாட்டேன். வேறு மாதிரியும் போகலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான்.

தோன்றவைத்தவள் எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்த பெண். நாங்கள் அப்போது வெஸ்ட்லியில், மெட்ரோ பாதை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடிக் குடியிருப்பின் எட்டாம் தளத்தில் இருந்தோம். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். கணவர் பார்சல்களைத் தரம்பிரிக்கும் நிலையத்தில். மகளுக்குப் பதினாறு வயது. எதிர்வீட்டுக்காரி கோயம்புத்தூரைச் சேர்ந்தவள். மீன்களுக்கு வரும் நோய்கள் பற்றி ஆராய்ச்சி செய்யப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தாள். லிஃப்டில் நாங்கள் கதைத்ததைக் கேட்டுவிட்டு, அடுத்த நாளே கதவைத் தட்டி, கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறைக்கு நேரம் பதிவது எப்படி என்று கேட்டாள். அதிலிருந்து பழக்கம்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பொரித்த ரோல்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசை முழுவதும் ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. ஊர்ப் பெயர்களுக்கு நடுவே சிவப்புக் கோடுகள் நரம்புகள்போல ஓடின.

"உதென்ன தங்கச்சி, சோதினைக்குப் படிக்கிறீரோ?"

"இல்லக்கா, ட்ரெயின் மேப். சம்மர்ல ஒரு ரவுண்டு போலாம்னு பார்க்கிறேன். ஒரே ஒரு பாஸ்தான். இருபத்திரண்டு நாளைக்குள்ள ஏதாவது பத்து நாள், எந்த ட்ரெயின்ல வேணும்னாலும் ஏறிக்கலாம்."

"எந்த நாட்டிலையும்?"

"கிட்டத்தட்ட எல்லா நாட்டுலயும். நாம இருக்கிற நாட்டுல மட்டும் செல்லாது. நார்வே எல்லை வரைக்கும் தனி டிக்கெட் எடுக்கணும்."

போன வருடம் அவள் பயன்படுத்திய பாஸை எடுத்துக் காட்டினாள். நீளமான காகித அட்டை. அதில் கட்டங்கள். கட்டங்களுக்குள் அவளுடைய கையெழுத்தில் திகதிகளும் ஊர்ப் பெயர்களும்.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான். ட்ரெயின் ஏறுறதுக்கு முன்னாடி நாமளே பேனாவால தேதியை எழுதிடணும். செக் பண்ண வர்றவங்க ஒரு முத்திரை குத்திட்டுப் போவாங்க."

நான் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்தக் கண்டத்துக்கு வந்த நாளிலிருந்து என்னைப் பற்றிய எல்லாக் காகிதங்களையும் வேறு யாரோதான் நிரப்பினார்கள். எங்கே போகலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்று அவர்கள் எழுத, நான் கீழே கையெழுத்து வைத்தேன். எங்கே போகிறேன் என்பதை நானே எழுதிக்கொள்ளும் ஒரு காகிதம் இருக்கிறது என்பது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது.

நேரம் போனது தெரியவில்லை. "சரி, நான் வெளிக்கிடப் போறன்," என்று எழுந்தேன். அவள் ஒரு கணம் திகைத்துவிட்டு, பவ்வியமாகக் குளியலறைக் கதவைக் காட்டினாள். நான் விழித்தேன். அவள் ஊரில் 'வெளிக்கு' என்றால் என்ன என்று அவள் வெட்கத்தோடு விளக்கியதும் இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எங்கள் ஊரில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது. அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்லும்போதே எனக்குள் புறப்பாடு தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் கணவரிடம் சொன்னேன்.

"கார் நிக்குது. பிறகென்னத்துக்கு ரெயின்?" என்றார்.

"கார் எங்கடை ஆக்களின்ரை வீட்டுக்குத்தான் போகும். எனக்கு எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லாத ஊர் ஒண்டைப் பாக்கோணும்."

"ஆக்கள் இல்லாத ஊரிலை ஆரோடை கதைக்கிறது?"

"உங்களோடை கதைக்கிறன்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மகள்தான் எனக்கு உதவிக்கு வந்தாள். "அப்பா, ஃபேரியே முழுக்க மாமி வீட்டுச் சோஃபாவிலை படுக்கிறது சரியான ஷேடலி. எனக்கு ரெயின் ஓகே." விடுமுறையையும் அலுப்பையும் அவள் எப்போதும் நோர்வே மொழியில்தான் சொல்வாள்.

அன்று பின்னேரமே எதிர்வீட்டு வரைபடத்தைக் கடன் வாங்கி வந்தேன். முதலில் செய்தது, ஆட்கள் இருக்கும் ஊர்களைப் பென்சிலால் வெட்டியதுதான். டோர்ட்முண்ட் வெட்டுப்பட்டது, அங்கே கணவரின் அக்கா. ஸ்டுட்கார்ட்டில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. சூரிச்சில் என் சித்தி மகள். பேர்ன், பாரிஸ், பிராங்பேர்ட் எல்லாம் போயின. இத்தாலிக்கு வந்ததும் நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். கணவர் பென்சிலை வாங்கி, வரைபடத்தின் அடியில் இருந்த சிசிலித் தீவுக்குப் போய், பலெர்மோவை வெட்டினார்.

"அங்கையுமோ?"

"என்னோடை படிச்சவன் இருக்கிறான். கோயிலும் இருக்காம்."

அதற்குப் பிறகு அவர் பென்சிலைத் திருப்பித் தரவில்லை. விரல் வடக்கு இத்தாலியில் மெதுவாக அலைந்துகொண்டிருந்தது. "இஞ்சை நிக்குது," என்றார் திடீரென்று. "கிரெமோனா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னார். அவர் வேலை செய்யும் இடத்துக்கு அந்த ஊரிலிருந்து மாதத்துக்கு ஒன்றிரண்டு பெட்டிகள் வருமாம். பெரிய பெட்டி, ஆனால் தூக்கினால் உள்ளே எதுவுமே இல்லாததுபோல இருக்குமாம். சுங்கப் படிவத்தில் பொருளின் பெயர் என்ற இடத்தில் வயலின் என்றோ வயலின் மரம் என்றோ எழுதியிருக்குமாம். "மற்றப் பெட்டியளை நாங்கள் எறியிறனாங்கள். இதை மட்டும் எறிய மனம் வாறேல்லை. எப்பிடி ஒரு ஊரிலை இருந்து வயலின் மட்டும் வரும் எண்டு யோசிச்சிருக்கிறன்."

பதினான்கு வருடமாக அவர் அந்த வேலையில் இருந்தார். வீட்டுக்கு வந்து முதுகு வலிக்கிறது என்பார். மேற்பார்வையாளர் இப்படிச் சொன்னார் என்பார். பெட்டிகளில் இருந்த ஊர்ப் பெயர்களை அவர் படித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அன்று கேட்கத் தொடங்கினேன். எந்த ஊரிலிருந்து விதைகள் வரும், எந்த ஊரிலிருந்து சப்பாத்துகள், எந்த ஊர்ப் பெட்டிகளில் சவர்க்கார வாசனை என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மகள்கூடக் காதிலிருந்து பாட்டுக் கேட்கும் வயரைக் கழற்றிவிட்டாள்.

நூலகத்திலிருந்து ஐரோப்பிய ரயில்களின் தடித்த கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து வந்தோம். அதோடு கணவர் மாறிப்போனார். கார்தான் வசதி என்ற மனிதர், மகளின் பழைய கணக்குக் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். இடது பக்கம் புறப்படும் நேரம், வலது பக்கம் சேரும் நேரம், நடுவில் மாறும் நிலையம். பத்து நாட்களை வீணாக்காமல் எப்படிப் பிரிப்பது என்பது பெரிய கேள்வி. ரயிலில் போகும் நாள் மட்டும்தான் கணக்கு. ஒரே ஊரில் தங்கினால் நாள் குறையாது. அதைப் புரிந்துகொண்ட பிறகு, "அப்ப ஒரு ஊரிலை மூண்டு நாள் நிண்டால்?" என்று அவரே கேட்டார்.

முதலாவது முழுத் திட்டத்தை எதிர்வீட்டுக்காரியிடம் பெருமையாகக் காட்டினார். அவள் விரலால் ஒரு வரியைத் தொட்டாள்.

"அங்கிள், இந்த ட்ரெயின் பக்கத்துல ரெண்டு சுத்தியல் குறுக்க போட்டிருக்கு பாருங்க. அப்படின்னா வேலை நாள்ல மட்டும்தான் ஓடும். நீங்க போட்டிருக்கிறது ஞாயித்துக்கிழமை."

கணவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி அந்தச் சின்னஞ்சிறு சுத்தியல்களைப் பார்த்தார். பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு போனார். ஆறு பக்கங்கள் திரும்ப எழுதப்பட்டன.

இன்னொரு சண்டை கப்பலைப் பற்றியது. கொப்பன்ஹேகனிலிருந்து ஹம்பேர்க்குக்குப் போகும் ரயில் நடுவில் கப்பலுக்குள் ஏறிக் கடலைத் தாண்டும் என்றாள் அவள். நாங்கள் இறங்கிக் கப்பலில் ஏறுவதல்ல, ரயிலே ஏறும்.

"அது நடக்காது," என்றார் கணவர். "ரெயின் எண்டால் என்ன நீளம்! கப்பலுக்கை தண்டவாளம் எங்கையிருந்து வரும்?"

"அங்கிள், நான் போயிருக்கேன்."

"நீங்கள் நித்திரையாயிருந்திருப்பியள்."

திங்கட்கிழமை வேலையில் ஒரு டென்மார்க்காரரிடம் கேட்டுவிட்டு வந்தார். சப்பாத்தைக் கழற்றும்போதே, "ஓம், ஏறுமாம்," என்றார். அன்று முழுவதும் அந்தத் தண்டவாளம் எப்படிக் கப்பலோடு பொருந்தும் என்பதிலேயே இருந்தார்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டோர்ட்முண்டிலிருந்து மச்சாள் தொலைபேசியில் வந்தார். என் கணவரின் அக்கா. அவருடைய குடும்பத்தில் எல்லோருக்கும் மூத்தவர். எங்கள் பயணம் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்கடை ஊருக்கு மேலாலை போறியளாம்," என்றார் என்னிடம். "போய் ஹோட்டலிலை படுக்கப் போறியளாம். என்ரை வீட்டிலை கட்டில் இல்லையோ?"

"அப்பிடியில்லை மச்சாள்..."

"என்ன குறை வைச்சனான் எண்டு சொல்லும், நான் திருத்துறன்."

குறை ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. குறை இல்லாத வீட்டை விட்டுவிட்டு யாரென்றே தெரியாத ஊருக்குப் போக ஆசைப்படுவதை எப்படி விளக்குவது? நான் தொலைபேசியைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் "ஓம் அக்கா... இல்லை அக்கா... ஓம் அக்கா" என்று மாறி மாறிச் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு கொப்பியை மூடி அலுமாரியின் மேல் வைத்துவிட்டார்.

இரண்டு கிழமை அது அங்கேயே கிடந்தது. நானும் எடுக்கவில்லை. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கார் இருக்கிறது, டோர்ட்முண்டுக்குப் போய்ப் புட்டு அவித்துவிட்டு வரலாம். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது கணவர் புத்தகத்தையும் கொப்பியையும் மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"இஞ்சேரும், ஒருக்கால் வந்து பாரும். ஹம்பேர்க்கிலை இருந்து கொப்லென்ஸுக்குப் போற வழியிலை டோர்ட்முண்டிலை இறங்கி, அடுத்த ரெயினைப் பிடிச்சால் நடுவிலை நாப்பத்துமூண்டு நிமிசம். அக்காவை ஸ்ரேசனுக்கு வரச்சொன்னால் என்ன?"

"நாப்பத்துமூண்டு நிமிசம் காணுமோ?"

"அதுதான் இருக்கிறதிலை கூட. ரெண்டு நாளாப் பாத்தனான்."

அவரே அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார். அக்கா, எந்தப் பிளாட்போம் என்று மட்டும் கேட்டாராம்.

மே மாதத்தில் ஒஸ்லோ மத்திய நிலையத்தில் நம்பர்ச் சீட்டு எடுத்துக் காத்திருந்து பாஸ்களை வாங்கினோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த நரைமுடிப் பெண்மணி கணவரின் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதை யார் செய்தது?" என்று நோர்வே மொழியில் கேட்டார். கணவர் தவறு செய்தவர்போலக் கையை உயர்த்தினார். ஒரே ஓர் இடத்தில், ரயில் மாற ஏழு நிமிடம்தான் இருக்கிறது, பெட்டிகளோடு ஓடவேண்டிவரும் என்று சொல்லி, அடுத்த ரயிலைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். மற்றதெல்லாம் சரி என்றார். கணவர் வீட்டுக்கு வரும்வரை கொப்பியைப் பையில் வைக்கவே இல்லை.

ஜூலையில் புறப்பட்டோம். கணவர் எங்கள் கடவுச்சீட்டுகளோடு, குடியுரிமை கிடைத்த கடிதம், வேலைக் கடிதம், கலியாணப் பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுவந்தார். "அதொண்டும் தேவையில்லை அப்பா," என்று மகள் சொல்லியும் கேட்கவில்லை. கோட்டன்பேர்க்கில் மாறி, கொப்பன்ஹேகனில் ஒரு விடுதியில் தங்கினோம். அடுத்த நாள் காலை ரயில் கடலோரத்துக்கு வந்து வேகம் குறைந்தது. கணவர் எழுந்து ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். வெளிச்சம் மங்கியது. இரும்புச் சுவர்கள் இரண்டு பக்கமும் வந்தன. பக்கத்துப் பாதையில் லொறிகள் நின்றன. கப்பலின் வயிற்றுக்குள் நின்றுகொண்டிருந்தோம். எல்லோரும் மேல்தளத்துக்குப் போகவேண்டும் என்றார்கள். கணவர் போகுமுன் குனிந்து, தண்டவாளம் கப்பலோடு சேரும் இடத்தைத் தேடினார். பின்னால் வந்த ஒரு ஜெர்மன்காரரும் என்னவோ ஏதோ என்று குனிந்து பார்த்தார்.

டோர்ட்முண்டில் ரயில் நிற்பதற்கு முன்பே மச்சாளைக் கண்டுவிட்டேன். ஆனால் அவர்தானா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. நான் அவரை எப்போதும் வீட்டுச் சட்டையோடு அடுப்படியில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே நீல ஜக்கெட்டும் ஓடும் சப்பாத்தும் போட்டு, கையில் குளிர்ப்பையோடு, பிளாட்போமின் நடுவில் தனியாக நின்றார். குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வருவார் என்று நினைத்திருந்தோம். "எல்லாரும் வந்தால் ஆரும் கதைக்க ஏலாது," என்றார்.

பிளாட்போமில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்து புட்டும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிய, கணவரும் மகளும் அடுத்த ரயிலின் இடத்தைப் பார்க்கப் போனார்கள். மச்சாள் என் பாஸைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"உதை ஆர் எழுதினது?"

"நான்தான் மச்சாள். எங்கை போறமெண்டு நாங்களே எழுதோணும்."

"நான் இந்த ஸ்ரேசனாலை வேலைக்குப் போய் வாறது இருபது வருசம். ஊருக்குள்ளை ஓடுற சின்ன ரெயினிலைதான். உந்த நீட்டு ரெயின் எங்கை போகுதெண்டு ஒருநாளும் வாசிச்சுப் பாத்ததில்லை." சற்று நேரம் எதிரே நின்ற ரயிலையே பார்த்தார். பிறகு கேட்டார்: "கொப்லென்ஸிலை ஒருத்தரும் இல்லையே. அப்ப நாளைக்குக் காலமை எழும்பினவுடனை என்ன செய்வியள்?"

அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருந்தது.

"தெரியேல்லை மச்சாள். அதைத்தான் பாக்கப் போறன்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ரயில் வந்ததும் பாஸைத் திருப்பித் தந்து, "உம்மடை கையெழுத்து நல்ல வடிவு," என்றார். எங்கள் கலியாணம் முடிந்த இத்தனை வருடத்தில் அவர் என் சமையலைத் தவிர வேறொன்றைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கொப்லென்ஸில் காலையில் எழும்பினோம். யாரும் தேநீர் போட்டுத் தரவில்லை. யாருக்கும் நான் போட்டுக் கொடுக்கவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே ஒரு கிழவர் தன் நாயோடு எட்டு மணிப் பேருந்துக்காக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்து வந்தது. அவர் ஏறவில்லை. நாய்க்கு அதைக் காட்டத்தான் வந்தவர்போல. இருவரும் திரும்பி நடந்தார்கள். இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று இருந்தது. கணவரை எழுப்பிச் சொன்னேன்.

கிரெமோனாவுக்குச் சேர்ந்தபோது கடுமையான வெயில். சின்னச் சின்னத் தெருக்கள். கதவுக்குக் கதவு வயலின் பட்டறை. கணவர் ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்னால் நின்றார். உள்ளே போகமாட்டேன் என்றார். "வாங்கப் போறேல்லை, பிறகென்னெண்டு போறது?" மகள் பொறுமையிழந்து ஒரு கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மர மேசையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். மகள் ஆங்கிலத்தில், அப்பா ஒஸ்லோவில் பார்சல் நிலையத்தில் வேலை செய்கிறார், இந்த ஊர்ப் பெட்டிகள் அவர் கையால்தான் போகின்றன என்று சொன்னாள். அந்தப் பெண் கருவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். நோர்வேக்கு அவள் இதுவரை எதுவும் அனுப்பியதில்லையாம். ஆனால் அமெரிக்காவுக்கு அனுப்பிய ஒரு வயலின் கழுத்து உடைந்து போய்ச் சேர்ந்ததாம். "எங்கே உடைகிறது? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

கணவருக்குத் தெரிந்திருந்தது. மூலையில் கிடந்த வெற்றுப் பெட்டியைக் கேட்டு வாங்கி, தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். பெட்டி எந்த உயரத்திலிருந்து விழும், எந்த மூலை முதலில் அடிபடும், ஒட்டுநாடாவை ஏன் இரண்டு பக்கமும் சுற்றவேண்டும், நடுவில் பொருள் ஆடாமல் இருக்க எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று தமிழும் நோர்வே மொழியும் கலந்து விளக்கினார். மகள் மொழிபெயர்த்தாள். பக்கத்துப் பட்டறையிலிருந்து இன்னும் இருவர் வந்து நின்று கேட்டார்கள். ஒருவர் குறிப்பெடுத்தார். அரை மணி நேரத்துக்கு மேல் போயிற்று. மகள் இடையிடையே மொழிபெயர்க்க மறந்து அப்பாவையே பார்த்தாள்.

போகும்போது அந்தப் பெண், இன்னும் மெருகு பூசாத வெள்ளை வயலின் ஒன்றைக் கணவரின் இரண்டு கைகளிலும் வைத்தாள். அவர் எடையைப் பார்ப்பதுபோல மெல்ல உயர்த்தினார். பிறகு உடனே திருப்பிக் கொடுத்தார்.

மூன்று நாள் தங்கினோம். நான்காம் நாள் காலை மிலானுக்குப் போய், அங்கிருந்து ஆல்ப்ஸ் மலைகளைத் தாண்டித் திரும்பவேண்டும். நிலையத்தில் கூட்டமே இல்லை. அறிவிப்புப் பலகையில் மிலான் ரயில்கள் எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே சொல். அன்று வேலைநிறுத்தம் என்று தலைப்பாகை கட்டிய ஒரு பஞ்சாபிக்காரர் சைகையால் விளக்கினார். அங்கே மாட்டுப் பண்ணையில் வேலை செய்பவராம். அவர் ஹிந்தியில் பேச, எங்களுக்கு விளங்கவில்லை. இத்தாலிய மொழியில் பேசினார், அதுவும் விளங்கவில்லை. ஆனாலும் எங்களைக் கண்டதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

கணவர் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் பக்கங்கள் எல்லாம் மிலானைப் பிடித்துத்தான் தொங்கின. மகள் எதிர்ப்பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற இரண்டு பெட்டி ரயிலைக் காட்டினாள்.

"அது ஓடப் போகுதாம் அப்பா. மாந்தோவாவுக்கு."

"அது மற்றப் பக்கம்."

"ஓம். மற்றப் பக்கம்தான்."

"அங்கை என்ன இருக்கு?"

"தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்து, பாஸில் அன்றைய திகதியையும் மாந்தோவா என்ற பெயரையும் எழுதினேன். அழிக்க முடியாத பேனா. அவர் கொப்பியை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். கார்ட் விசில் ஊதும்போதுதான் ஏறினோம்.

ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். நிலையத்திலிருந்து தண்ணீர் தெரிந்த பக்கமாக, பெட்டிகளை உருட்டிக்கொண்டு நடந்தோம். கரைக்கு வந்ததும் மூவரும் நின்றுவிட்டோம். ஏரி தெரியவில்லை, தாமரைதான் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு இலைகள், அவற்றுக்கு மேலே இளஞ்சிவப்புப் பூக்கள், கண் போகும் தூரம் வரை. மகள் தாமரையைப் படத்திலும் கோயிலில் பிளாஸ்டிக்கிலும்தான் பார்த்திருந்தாள். கணவர், "இது எப்பிடி இஞ்சை?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். யாருக்கும் தெரியாது. படகு ஓட்டுபவரிடம் மகள் கேட்டாள். வெகு காலத்துக்கு முன் ஒரு மாணவி எங்கேயோ தூர தேசத்திலிருந்து கொண்டுவந்து போட்டதாம். பிறகு நிறுத்த முடியவில்லையாம்.

அன்று எங்கே தங்குவது என்று எங்களுக்குத் தெரியாது. பத்து நாளில் ஒரு நாள் வீணாகிவிட்டதால் திரும்பும் வழியில் கொப்பியில் இருந்த மியூனிக்குக்குப் போகமுடியாது என்பது மட்டும் தெரியும். படகில் ஏறினோம். நடு ஏரியில் படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். மகள் கையை நீட்டி ஓர் இலையைச் சரித்தாள். நடுவில் நின்ற தண்ணீர் உருண்டு, ஒரு சொட்டும் ஒட்டாமல் ஏரிக்குள் விழுந்தது. "அம்மா, திரும்ப ஒருக்கால் பாருங்கோ," என்று சொல்லிவிட்டு, அவளே உள்ளங்கையில் ஏரித்தண்ணீரை அள்ளி அந்த இலையில் விட்டாள்.